மெக்சிகோவின் துள்ளும் விதைகளுக்குள் உண்மையிலேயே உயிர் இருக்கிறதா? எப்படித் துள்ளுகின்றன?

இருக்கிறது. உள்ளே ஓர் அந்துப்பூச்சியின் புழு இருக்கிறது, பூச்சியின் பெயர் சிடியா சால்டிடன்ஸ்.

வெயிலில் தானே துள்ளும் இந்த விதைகளை 'மெக்சிகன் ஜம்பிங் பீன்ஸ்' என்று சொல்லியே விற்கிறார்கள், ஆனால் அவரை இனத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வடமேற்கு மெக்சிகோவில், சொனோரா மாநிலத்தின் அலாமோஸ் பக்கம் வளரும் செபஸ்டியானியா என்ற செடியின் காய் இது. ஆமணக்குக் குடும்பம். ஆமணக்குக் காய் முற்றினால் மூன்றாகப் பிரியுமே, இதுவும் அப்படித்தான், அதில் ஒரு துண்டுதான் நீங்கள் பார்க்கும் 'விதை'.

காய் பிஞ்சாக இருக்கும்போதே புழு உள்ளே புகுந்து பருப்பைத் தின்று, ஓட்டைக் கோதாக்கி, உட்சுவர் முழுக்கப் பட்டுநூல் பின்னிவிடும். காய் பிரிந்து தரையில் விழுந்ததும் அந்த நூலைக் கால்களால் பற்றிக்கொண்டு உடம்பைச் சுண்டிச் சுவரில் மோதும், ஓடு எகிறும். சூடு ஏற ஏறத் துள்ளலும் கூடும், ஏனென்றால் நேர்வெயிலில் கிடந்தால் உள்ளேயே வெந்து செத்துவிடும், நிழலுக்குப் போயாக வேண்டும். ஆனால் நிழல் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது. திசையே இல்லாமல் அங்கும் இங்கும் துள்ளுகிறது. எங்கே இருக்கிறதென்று தெரியாத நிழலைத் தேட அதுதான் நல்ல வழி என்று 2023இல் வெளியான ஓர் இயற்பியல் ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிக் குதிக்கவிடும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அது விளையாடவில்லை, தப்பிக்கப் பார்க்கிறது.

எல்லோரும் துள்ளலைத்தான் பேசுகிறார்கள், எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் அது செய்துவைக்கும் கதவு. அந்துப்பூச்சிக்குக் கடிக்கும் தாடை கிடையாது, ஓடோ கெட்டியானது, அப்படியே பூச்சியாக மாறினால் உள்ளேயே அடைபட்டுப் போகும். அதனால் தாடை இருக்கிற காலத்திலேயே, கூட்டுப்புழு ஆவதற்கு முன்னால், புழு ஓட்டில் வட்டமாக ஒரு மூடியை வெட்டி அது விழாதபடி விட்டுவைக்கிறது. மாதக்கணக்கில் கழித்து, வசந்தத்தில், தள்ளினால் போதும், திறந்துகொள்ளும். அப்புறம் பூச்சிக்குச் சில நாள் ஆயுள்தான், அதற்குள் இணை தேடி முட்டையிட வேண்டும்.

உங்களிடம் இருக்கிற விதை குளிர்காலத்தில் அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஓட்டில் வட்டமான ஓட்டை இல்லையென்றால் பூச்சி இன்னும் வெளியே வரவில்லை. வெயில் படாத இடத்தில் வசந்தம் முடியும்வரை விட்டுவையுங்கள்.