மூணு செட்டுக்கு ஒரு வடை குறையுது

அன்புள்ள அக்காவுக்கு,

சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். மாமனார் வீட்டில் கைத்தறி. மகனுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. அரையாண்டு விடுமுறைக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் என் அம்மா வீட்டில் பத்து நாள் இருந்தோம். காப்பிப் பழம் பறிக்கிற நேரம் என்பதால் யாருக்கும் அவனோடு உட்கார முடியவில்லை. அவன் பாட்டுக்குக் களத்தில் தட்டுவடை செட் கடை போட்டுக்கொண்டான். ஓட்டுச் சில்லுதான் வடை, செம்மண் சட்னி, காப்பி இலைதான் தட்டு. என் தம்பி மூணு செட் கேட்டான். இவனிடம் இருந்தது அஞ்சு சில்லு. "ஒரு வடை குறையுது, இரு மாமா" என்று தேடப் போய்விட்டான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பொங்கலுக்கு அம்மாபேட்டையில் சொந்தமெல்லாம் கூடியது. நாத்தனார் மகளுக்கும் இதே வயதுதான். நூறு வரை கடகடவென்று சொல்வாள், எழுதவும் செய்வாள். மாமனார் இரண்டு பிள்ளைகளையும் கூடத்தில் நிற்க வைத்து, ஒண்ணு ரெண்டு சொல்லச் சொன்னார். இவன் பன்னிரண்டோடு நின்று என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டான். "மலைக்குப் போயி பத்து நாள் மண்ணுல புரண்டா இப்படித்தான் இருக்கும்" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மே மாதம் மலைக்கு வேண்டாம், தினம் இரண்டு மணி நேரம் எழுதப் பழக்கலாம் என்கிறார்கள். வீட்டுக்காரர் மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு கல்விப் பொம்மைப் பெட்டி பார்த்து வைத்திருக்கிறார். நான் என்ன செய்யட்டும்? பெயர் போட வேண்டாம்.

— ஒரு தாய், அம்மாபேட்டை

அன்புள்ள தங்கைக்கு,

மே மாதம் பிள்ளையை மலைக்கு அழைத்துப் போங்கள். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை நீங்கள் பதற்றமில்லாமல் படிப்பீர்கள்.

நீங்கள் எல்லோரும் சிரித்த அந்த ஒரு வரிக்காகவே உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு செட் என்றால் இரண்டு தட்டுவடை. நடுவில் சட்னி தடவி, துருவிய பீட்ரூட்டும் காரட்டும் வைத்து மூடித் தருவார்கள். ஆகவே மூணு செட்டுக்கு ஆறு வடை வேண்டும், கையில் இருப்பது அஞ்சு, இன்னும் ஒன்று வேண்டும். உங்கள் மகன் இதை யாரும் கேட்காமல், யாரும் சொல்லித் தராமல் கண்டுபிடித்திருக்கிறான். கண்டுபிடித்ததோடு நிற்காமல் வாடிக்கையாளரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுச் சரக்கு தேடிப் போயிருக்கிறான். இரண்டிரண்டாகச் சேர்ப்பதும், இருப்பதற்கும் தேவைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பதும் பள்ளிக்கூடத்தில் இன்னும் ஒன்றிரண்டு வருடம் கழித்துத்தான் பாடமாக வரும். பன்னிரண்டோடு நின்றதாகச் சொல்லப்பட்ட பிள்ளை இவன்தான்.

நான் இருபது வருடத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள். ஜூன் மாதம் சேரும் பிள்ளைகளில் சிலர் ஐம்பது வரை மூச்சுவிடாமல் சொல்வார்கள். பாயில் புளியங்கொட்டையைக் கொட்டி, "எனக்கு அஞ்சு கொட்டை எடுத்துக் கொடு கண்ணு" என்று கேட்டால், அவர்களில் ஓரிருவர் கை நிறைய அள்ளி நீட்டுவார்கள். அவர்கள் சொன்னது ஒரு பாட்டு. எண்ணி முடிக்கும்போது சொல்கிற கடைசிச் சொல்தான் அந்தக் குவியலின் அளவு என்பது அதற்கப்புறம் தனியாக வர வேண்டிய அறிவு. அதுவும் ஒரே நாளில் வந்துவிடாது. முதலில் 'ஒன்று' மட்டும் பிடிபடும். சில மாதம் கழித்து 'இரண்டு', பிறகு 'மூன்று'. பல பிள்ளைகளுக்கு இது இரண்டரை வயதிலிருந்து நான்கு வயதுக்குள் நடக்கிறது, சிலருக்குக் கொஞ்சம் தள்ளிப் போகும். வாயில் எண் வந்துவிட்டதாலேயே மனதில் அளவு வந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இதனால் உங்கள் நாத்தனார் மகளைக் குறைவாக நினைத்துவிடாதீர்கள். அந்தக் குழந்தை நூறு வரை சொல்வது நல்ல விஷயம்தான். அடுத்த தடவை அவளையும் செட் கடையில் சேர்த்துவிடுங்கள். அவள் எழுதத் தெரிந்தவள், விலைப் பலகை எழுதட்டும்.

விளையாட்டு சும்மா பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களிடம் நான் சொல்லும் ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவில் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, பள்ளி வயது எட்டாத பிள்ளைகளோடு ஒரு கட்ட விளையாட்டு ஆடினார்கள். வரிசையாகப் பத்துக் கட்டம், சுழற்றினால் ஒன்றோ இரண்டோ விழும், காயை நகர்த்த வேண்டும். தடவைக்குக் கால் மணி நேரம், இரண்டு வாரத்துக்குள் நான்கு தடவை. அவ்வளவுதான் செய்தார்கள். அதற்கே எண்களில் எது பெரியது, எது எங்கே நிற்கும் என்ற அறிவு அந்தப் பிள்ளைகளிடம் நன்றாகக் கூடியிருந்தது. ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது போகவில்லை. எண்ணுக்குப் பதில் கட்டங்களில் வெறும் நிறம் தீட்டி ஆடிய பிள்ளைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

உங்கள் வாசலில் சாக்பீஸால் பத்துக் கட்டம் போட்டு, ஒன்றிலிருந்து பத்து வரை எழுதிவிட்டால் இதை ஆடலாம். காய்க்குப் பதில் அவனே தாண்டட்டும். ஒரு சங்கதியை மட்டும் கவனியுங்கள். நான்கில் நிற்கிறான், இரண்டு விழுகிறது என்றால், தாண்டும்போது "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லாமல் "அஞ்சு, ஆறு" என்று கட்டத்தின் பெயரையே சொல்ல வேண்டும். அந்த ஆய்விலும் அப்படித்தான் சொல்ல வைத்தார்கள்.

இன்னொன்று உங்கள் அம்மா வீட்டுப் பரணில் இருந்தாலும் இருக்கும்: பல்லாங்குழி. எங்கள் வீட்டில் பன்னாங்குழி என்போம். இரண்டு வரிசை, ஏழேழு குழி, குழிக்கு ஐந்தாக எழுபது முத்து. நாலரை வயதுப் பிள்ளைக்கு ஜெயிக்கத் தெரியாது, தெரியவும் வேண்டாம். குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவதுதான் அவனுக்கு அங்கே விளையாட்டு. ஒரு குழிக்கு ஒரு முத்து, ஒரு முத்துக்கு ஒரு எண் என்பது விரலுக்குப் பழகும். பிறகு 'பசு' இருக்கிறது. காலியான குழியில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து நான்கு ஆனதும் பசு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எண்ணிக்கொண்டிருந்தால் அடுத்தவர் முத்துப் போட்டுவிடுவார், பசு போய்விடும். அதனால் எண்ணாமலே நான்கைப் பார்த்தவுடன் அறிகிற கண்ணை அந்த விளையாட்டு பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறது. அதை நம் பாட்டிமார் எத்தனையோ மத்தியானங்களில் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். குன்றிமணி மட்டும் வேண்டாம். அழகாக இருக்கும், உள்ளே விஷம். புளியங்கொட்டை போதும். மே மாதம் என்றால் பலாக்கொட்டையே கிடைக்கும், குழியில் அடங்காவிட்டாலும் தரையில் வட்டம் போட்டு ஆடலாம்.

பொம்மைப் பெட்டிக்கு வருகிறேன். பணம் மிஞ்சியிருந்தால் வாங்கட்டும், அதில் பாவம் ஒன்றுமில்லை. ஆனால் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரத்தில் ஏழைத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக இல்லம் தொடங்கியபோது, வீட்டு வேலைகளுக்கும் அங்கே முக்கிய இடம் கொடுத்தார். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது, பொத்தான் போடுவது, பெருக்குவது, துடைப்பது. அந்த அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தவர், போர்க்காலத்தில் நம் கொடைக்கானலிலும் இருந்திருக்கிறார். உங்கள் அடுக்களையில் ஆழாக்கும் உழக்கும் படியும் இருக்கின்றன. அவனை அரிசி அளக்கச் சொல்லுங்கள். உழக்குக்கு இரண்டு ஆழாக்கு என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம், ஊற்றி ஊற்றி அவனே வந்து உங்களிடம் சொல்வான். ஸ்விட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே காட்டியது நினைவுக்கு வருகிறது. குட்டையான பாத்திரத்துத் தண்ணீரைக் கண்ணெதிரே ஒல்லியான உயரமான பாத்திரத்துக்கு மாற்றினால், ஏழு வயதுக்குக் கீழே உள்ள பல பிள்ளைகள் தண்ணீர் கூடிவிட்டது என்பார்கள். வாயால் விளக்கினால் மட்டும் அது எளிதில் ஏறாது. அவர்களே நூறு தடவை மாற்றி ஊற்றி, சிந்தி, திரும்ப ஊற்றினால் ஒரு நாள் தானாக விளங்கிவிடும். தரை ஈரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேர எழுத்துப் பயிற்சி இந்த வயதுக்கு வேண்டாம். கோலப்பொடியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளி எடுத்துப் புள்ளி வைக்கட்டும். பென்சில் பிடிப்பதற்கும் அந்த விரல்கள்தான் வேண்டும்.

இனி அந்தக் கூடத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை வலிக்கச் செய்தது அந்த இடம்.

என் மகளுக்கு ஐந்து வயதிருக்கும். மாடிப்படி ஏறும்போதெல்லாம் படிக்கு ஒரு எண் சொல்லிக்கொண்டு ஏறுவாள். பதினேழு படி. பதினேழு வந்ததும் மேலே நின்று கை தட்டுவாள். ஒரு பொங்கலுக்கு நானே அவளைச் சொந்தக்காரர்கள் முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, நூறு வரை சொல்லிக் காட்டச் சொன்னேன். ஆசிரியை மகள் என்ற பெருமை எனக்கு. முப்பத்தொன்பதுக்குப் பிறகு அவளுக்கு வரவில்லை. யாரோ சிரித்தார்கள். நானும் முகம் சுளித்தேன், அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு படியில் எண்ணுவது நின்றுபோனது. நான் கேட்டுப் பார்த்தேன், "எண்ணும்மா" என்று. அவள் வாயை மூடிக்கொண்டு ஏறினாள். நான் அவளுக்குக் கற்பித்த எதையும்விட அவள் தானாகச் செய்துகொண்டிருந்தது பெரிது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இன்றும் அந்தப் படிகளில் ஏறும்போது அது என்னை உறுத்துகிறது.

பண்டிகை நாளில் வீடு நிறைய ஆள் இருக்கும். பிள்ளைக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. கரும்பு வெட்டுபவர், பானைக்கு மஞ்சள் கட்டுபவர், இலை போடுபவர், அத்தனை பேரும் அவன் கண்ணெதிரே. "எத்தனை பேர் சாப்பிட உட்கார்றாங்க பாரு, அத்தனை டம்ளர் எடுத்துட்டு வா" என்று அனுப்பினால் அவன் தலை தலையாகப் பார்த்து எண்ணுவான். குறைந்தால் திரும்பப் போவான். அங்கே தப்பு செய்தால் ஒரு டம்ளர் குறையும், அவ்வளவுதான், மானம் போகாது. அதே எண்ணைக் கூடத்தில் நிறுத்திக் கேட்டால் அது வேறு பொருளாகிவிடுகிறது. ரஷ்யாவின் உளவியலாளர் வைகாட்ஸ்கி, விளையாடும்போது குழந்தை தன்னைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது என்றார். களத்தில் உங்கள் மகன் அப்படித்தான் நின்றான். கூடத்தில் முந்தானைக்குள் போனான். இரண்டும் ஒரே பிள்ளை, இடையில் மூன்று வாரம்கூட ஆகவில்லை.

மாமனாரிடம் இதையெல்லாம் வாதாட வேண்டாம். பேரன்மேல் அக்கறை இல்லாதவர் கேட்கவே மாட்டார், அவருக்கு அக்கறை இருக்கிறது. நான் சொல்வதைச் செய்து பாருங்கள். அவர் தறியில் உட்கார்ந்திருக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் விடுங்கள். "தாத்தாவுக்குத் தார் எடுத்துக் கொடுடா" என்று சொல்லுங்கள். தார் என்பது ஊடை நூல் சுற்றிய சின்னக் குச்சி, அதை நாடாவுக்குள் வைத்துத்தான் நெய்வார்கள். மூணு சிவப்பு, ரெண்டு பச்சை என்று அவர் கேட்கட்டும், இவன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கட்டும். ஒன்று குறைந்தால் தாத்தாவுக்கே தெரியும், நாடா ஓடாது. கரையில் எந்த நிறத்துக்குப் பிறகு எது வரும் என்று இவன் முந்திச் சொல்கிற நாள் வரும், அன்று அவர் முகத்தைப் பாருங்கள். வாழ்நாளெல்லாம் பாவில், அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூலில், இழை இழையாகக் கணக்கு வைத்திருந்த மனிதர் அவர். எண் என்பது பொருளில் இருக்கிறது என்பது அவர் கைக்குத் தெரிந்திருக்கும், கூடத்தில் சொந்தக்காரர்கள் முன்னால் அது மறந்துபோயிற்று.

வேலை ஓய்ந்த ஒரு சாயங்காலம் அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டுக் கேளுங்கள்: "மாமா, நீங்க சின்னப் பிள்ளையா தறிக்குழி ஓரம் உட்கார்ந்திருந்தப்போ என்ன விளையாடுவீங்க?" மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா