'ரய்யான்' என்ற பெயரின் பொருளும் ஆன்மிகச் சிறப்பும் என்ன?

'ரய்யான்' என்ற அரபுச் சொல்லுக்குத் தாகம் முழுமையாகத் தீர்ந்தவர் என்று பொருள். பென்னாகரம் பக்கத்து மானாவாரிக் கொல்லையில் வாடி நின்ற கேழ்வரகு, நல்ல மழையில் வேர்வரை நனைந்து தலைநிமிர்வதை நினைத்துக்கொண்டால் இந்தப் பொருள் எளிதில் விளங்கும்.

சொர்க்கத்தில் ரய்யான் என்றொரு வாசல் உண்டு, மறுமை நாளில் நோன்பாளிகள் மட்டுமே அதன் வழியே நுழைவார்கள், அவர்கள் நுழைந்ததும் அது அடைக்கப்படும் என்று நபிகள் நாயகம் (ஸல்) கூறியதாக நபித்தோழர் ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. இறைவனுக்காகப் பகல் முழுவதும் தண்ணீரையும் தவிர்த்தவர்களுக்கு, தாகம் தீர்ந்த நிலையைக் குறிக்கும் வாசலே பரிசாக அமைவது எவ்வளவு பொருத்தமானது! இந்தப் பெயரின் சிறப்பு முதன்மையாக இதில்தான் இருக்கிறது என்பேன். ஆகவே பிறந்த ஏழாம் நாள் அகீகா (குழந்தை பிறந்ததற்கு நன்றியாக ஆடு அறுப்பது) கொடுத்து மகனுக்கு இப்பெயரைச் சூட்டும் பெற்றோர், அவன் பொறுமையும் இறையச்சமும் உள்ளவனாக வளர வேண்டும் என்ற துஆவையும் (வேண்டுதலையும்) சேர்த்தே சூட்டுகிறார்கள்.

இது திருக்குர்ஆனில் வரும் பெயர் என்று பலர் எண்ணுவது சரியன்று. இந்த வாசலின் பெயர் ஹதீஸில்தான் இடம்பெறுகிறது, ஆனாலும் இதைச் சூட்டுவதற்குத் தடை ஏதும் இல்லை.