அமெரிக்கக் கல்லூரிகளில் கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்குப் பருவம் எப்படி நடக்கும்?

காட்டுப் பாதைகளில் ஏறி இறங்கி நெடுந்தூரம் சறுக்கிப் போகும் இந்தப் பந்தயம் குளிர்காலத்தில்தான். ஆனால் உழைப்பு கோடையிலேயே தொடங்கிவிடும். பனி இல்லாத மாதங்களில் சக்கரம் வைத்த சறுக்குப் பலகையான ரோலர் ஸ்கீயில் தார்ச்சாலையில் பயிற்சி செய்வார்கள்.

அமெரிக்காவின் வடகிழக்கில் டார்ட்மத், வெர்மான்ட், மிடில்பரி போன்ற கல்லூரிகள் ஜனவரி, பிப்ரவரி வார இறுதிகளில் மாறி மாறிப் போட்டி நடத்தும். அதற்குப் பெயர் 'கார்னிவல்'. டார்ட்மத்தின் குளிர்காலத் திருவிழா 1911-இல் தொடங்கியது. பெயரில் இருக்கும் கொண்டாட்டம் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. மார்ச்சில் தேசிய இறுதிப் போட்டி. 1983 முதல் ஆண், பெண் புள்ளிகளைச் சேர்த்தே சாம்பியன் அணியை முடிவு செய்கிறார்கள். சரிவில் பாயும் ஆல்பைன் வீரர்களின் புள்ளிகளும் அதில் சேரும். ஆகவே மலைச்சரிவில் ஒருவர் விழுந்தால், காட்டுப் பாதையில் ஓடுபவரும் சேர்ந்து அழ வேண்டியதுதான்!

ஓட்டம் இரண்டு வகை. கிளாசிக்கில் பள்ளம் வெட்டிய தடத்தில் கால்கள் நேராகப் போகும். ஃப்ரீஸ்டைலில் ஸ்கேட்டிங் போல பக்கவாட்டில் உந்தலாம்.

என்னைக் கேட்டால், பாதிப் பந்தயம் மெழுகு பூசுமிடத்திலேயே முடிந்துவிடுகிறது. கிளாசிக்கில் சறுக்குப் பலகையின் அடியில், பாதத்துக்குக் கீழே வரும் பகுதியில் பிடிமான மெழுகு, இரு முனைகளிலும் வழுக்கு மெழுகு. பனி சற்று இளகினாலே காலையில் பூசியது பயன்படாது. ஏற்றத்தில் கால் பின்னால் வழுக்கும். சர்வதேச விதிப்படி, வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பந்தயம் தள்ளிப்போகும் அல்லது ரத்தாகும்.