பூட்டிக்கிடக்கும் ஹார்ட் டிஸ்க்: பழைய எக்ஸ்பாக்ஸ் கேள்வி பதில்

போன மாதம் ஒரு பழைய எக்ஸ்பாக்ஸை (மைக்ரோசாஃப்டின் வீடியோ கேம் பெட்டி) உயிர்ப்பித்த கதையைச் சொன்னாலும் சொன்னேன், ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை வரைக்கும் எத்தனை வீட்டுப் பரணில் இந்தக் கறுப்புப் பெட்டி கிடக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. 2002, 2003 வாக்கில் துபாய், மஸ்கட், தமாம் என்று வேலைக்குப் போனவர்கள் லீவுக்கு வரும்போது பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தவைதான் பெரும்பாலும். நானும் அந்தக் காலத்தில் மஸ்கட்டில் சர்வீஸ் வேலை பார்த்தவன். 2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் பற்றி மட்டும் இங்கே பேசுகிறேன். கேட்டவர்களின் பெயர் வேண்டாம், ஊர் போதும்.

தக்கலை: அண்ணா, ஆன் செய்தால் பல மொழியில் சர்வீஸ் செய்யச் சொல்லி ஒரு திரை வருகிறது, இடது மேல் மூலையில் 06 என்று சின்னதாக இருக்கிறது. டிஸ்க் போய்விட்டதா?

டிஸ்க் போகவில்லை தம்பி, பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். 06 என்றால் டிஸ்கின் பூட்டைத் திறக்க முடியவில்லை என்று அர்த்தம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் சேர்த்து.

இந்தப் பெட்டிக்குள் இருப்பது கம்ப்யூட்டரில் போடும் அதே 8 அல்லது 10 ஜிபி ஐடிஇ (அகலப் பட்டைக் கேபிளில் மாட்டும் பழைய வகை) டிஸ்க்தான். ஆனால் அதற்கு ஏடிஏ பாஸ்வேர்டு போட்டிருக்கிறார்கள். பூட்டு டிஸ்கின் சொந்த எலக்ட்ரானிக்ஸில் இருக்கிறது, எனவே வேறு எந்த கம்ப்யூட்டரில் மாட்டினாலும் தன் மாடல், சீரியல் நம்பரைச் சொல்லும், உள்ளே இருக்கும் ஒரு எழுத்தைக் கூடத் தராது. சாவி எங்கே இருக்கிறது? போர்டில், ஈப்ராம் என்ற எட்டுக் கால் சில்லில். மொத்தமே 256 பைட். அதில் அந்தப் பெட்டிக்கே உரிய 16 பைட் ரகசியம் ஒன்று உண்டு. ஆன் செய்யும்போது பெட்டி அந்த ரகசியத்தையும் டிஸ்கின் மாடல், சீரியல் நம்பரையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு, வரும் விடையைப் பாஸ்வேர்டாக அனுப்பும். டிஸ்க் ஒத்துக்கொண்டால் விளையாட்டு, ஒத்துக்கொள்ளாவிட்டால் 06.

அதனால் 06 வந்தால் நான் முதலில் கேட்பது, டிஸ்கோ போர்டோ வேறு பெட்டியிலிருந்து வந்ததா என்பதுதான். இரண்டு பழைய பெட்டியை வைத்து ஒன்றாக்கப் பார்த்த யாரோ ஒருவர் எப்போதும் இதற்குப் பின்னால் இருப்பார். அப்படி யாரும் கைவைக்கவில்லை என்றால் ஈப்ராம் கெட்டிருக்கலாம், இல்லை மாட் செய்தவர், அதாவது பெட்டியைத் தன் இஷ்டத்துக்கு மாற்றியமைத்தவர், வேறொரு பெட்டியின் ஈப்ராம் தகவலை அதில் எழுதியிருக்கலாம். உன் கதை எது என்று வீட்டில் விசாரித்துவிட்டு வா.

அப்புறம், இதை இன்னும் பத்து தடவை சொல்லப் போகிறேன்: பழைய போர்டைத் தூக்கிப் போடாதீர்கள். சாவி டிஸ்கில் இல்லை, போர்டில் இருக்கிறது.

இரணியல்: எனக்கு 05 வருகிறது. 06க்குச் சொன்ன வழிதானா?

நேர் எதிர். 05 என்றால் டிஸ்க் பூட்டாமல் இருக்கிறது என்று பெட்டி கோபித்துக்கொள்கிறது. ஒரிஜினல் பயாஸுக்கு (பெட்டியைத் தொடக்கி வைக்கும் சாஃப்ட்வேர்) பூட்டிய டிஸ்க்தான் வேண்டும், திறந்த டிஸ்கைப் பார்த்தால் ஓட்டாது. சாஃப்ட்மாட் செய்த, அதாவது சாஃப்ட்வேர் வழியாக மட்டும் மாட் செய்த பெட்டியில் யாராவது மெனுவில் 'அன்லாக்' என்று இருப்பதைப் பார்த்து, நல்ல வார்த்தையாக இருக்கிறதே என்று அமுக்கியிருப்பார்கள். சாஃப்ட்மாட் பெட்டியில் டிஸ்கை ஒருபோதும் அன்லாக் செய்யக் கூடாது, ஏனென்றால் கீழே ஓடுவது அதே ஒரிஜினல் பயாஸ்தான். உங்களுக்கு ஒரு நல்ல செய்தி, டிஸ்க் திறந்திருப்பதால் ஐடிஇ உள்ள எந்தக் கம்ப்யூட்டரிலும் நேராக மாட்டி உள்ளே இருப்பதை முழுசாக நகல் எடுக்கலாம். ஈப்ராம் நகல் இருந்தால் அதிலிருந்து பாஸ்வேர்டைக் கணக்கிட்டுத் திரும்பப் பூட்டலாம். இல்லையென்றால் போர்டில் வயர் ஒட்டி ஈப்ராமைப் படிக்க வேண்டும், கீழே வருகிறது.

கருங்கல்: சாரே, பையன் எக்ஸ்பாக்ஸைக் கழற்றி டிஸ்கை மட்டும் எடுத்து வைத்திருக்கிறான். பெட்டியை ஆக்கர் கடையில் எடைக்குப் போட்டாயிற்று. 2004இல் என் அண்ணன் விளையாடிய சேவ் எல்லாம் அதில் இருக்கிறது. அண்ணன் இப்போது இல்லை.

படித்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்தேன். எடைக்குப் போட்டு எத்தனை நாள் ஆகிறது? ஒரு வாரம் இரண்டு வாரம் என்றால் இன்றைக்கே போய்க் கேளுங்கள். பெட்டி முழுசாக வேண்டாம், போர்டு போதும், உடைந்திருந்தாலும் அந்த எட்டுக் கால் சில் முழுசாக இருந்தால் போதும். அதுவரை டிஸ்கை எந்தக் கடையிலும் கொடுக்காதீர்கள். 'ஃபார்மட் அடித்துத் தருகிறேன்' என்பார்கள், அதுதான் எனக்குப் பயம்.

வடசேரி: என்னிடம் இருப்பது அடுத்து வந்த எக்ஸ்பாக்ஸ் 360. அதன் டிஸ்கும் பூட்டியதா?

இல்லை. அதில் பாஸ்வேர்டு கிடையாது, டிஸ்கில் கையொப்பமிட்ட ஒரு செக்டரைப் பார்த்து ஏற்றுக்கொள்கிறதா இல்லையா என்று முடிவு செய்யும். அது வேறு கச்சேரி, 360 வேலை செய்பவரிடம் கேளுங்கள்.

குளச்சல்: அண்ணா, ஹாட் ஸ்வாப் செய்தால் சாவி எதுவும் வேண்டாமாமே? உண்மையா?

உண்மைதான், ஆனால் எனக்குப் பிடிக்காது. பெட்டியை ஆன் செய்து அது டிஸ்கைத் திறந்தபிறகு, டிஸ்கின் கரண்ட் வயரைக் கழற்றாமல் டேட்டா கேபிளை மட்டும் உருவி கம்ப்யூட்டர் கேபிளை மாட்டுவது. கரண்ட் போகாதவரை டிஸ்க் திறந்தே இருக்கும், கரண்ட் ஒரு நொடி போனாலும் திரும்பப் பூட்டிக்கொள்ளும். ஐடிஇ என்பது ஓடும்போது கழற்றி மாட்டுவதற்காகச் செய்ததே இல்லை. நான் ஒருமுறை இப்படி மாட்டிக்கொண்டிருந்தபோது ஐப்பசி மழையில் கரண்ட் போய் வந்தது, பாதி எழுதிய பார்ட்டிஷனோடு டிஸ்க் பூட்டிக்கொண்டது. அது வாடிக்கையாளருடைய டிஸ்க்.

மார்த்தாண்டம்: அண்ணே, இது சும்மா பயமுறுத்தல். நான் ரிப்பேர் தொழில்தான் செய்கிறேன், ஹாட் ஸ்வாப்பில் இதுவரை ஒரு டிஸ்க் கூடப் போனதில்லை. சால்டர் பிடித்தே பழகாத பிள்ளைகளைப் போர்டில் வயர் ஒட்டச் சொல்கிறீர்களே, அது ஆபத்தில்லையா?

வாருங்கள் ஓய். உங்களுக்குப் போகவில்லை என்றால் உங்கள் கடையில் எர்த் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். நம்மூர் பழைய வீடுகளில் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் விரலைச் சுண்டுகிறதே, அந்த எர்த் இல்லாத கம்ப்யூட்டரையும், இரண்டு பின் வயரில் ஓடும் எக்ஸ்பாக்ஸையும் ஒரு கேபிளால் இணைக்கும்போது அந்தச் சுண்டல் எல்லாம் டேட்டா பின் வழியாகத்தான் போகும்.

மார்த்தாண்டம்: அதற்குத்தான் இரண்டு பெட்டியின் உலோக உடம்பையும் முதலில் ஒரு வயரால் சேர்த்துக் கட்டுவது. யூபிஎஸ் இருந்தால் உங்கள் ஐப்பசிக் கதையும் முடிந்தது. இதைச் சொல்லாமல் 'பிடிக்காது' என்று சொன்னால் எப்படி?

சரி, ஒத்துக்கொள்கிறேன், நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். முதலில் உடம்போடு உடம்பு கட்டுங்கள், யூபிஎஸ் வையுங்கள், அப்புறம்தான் கேபிள்.

குளச்சல்: அப்படியென்றால் செய்யலாமா அண்ணா? எனக்கு 06தான் வருகிறது.

அட மக்கா! 06 என்றால் பெட்டியால் டிஸ்கைத் திறக்கவே முடியவில்லை. திறக்காத டிஸ்கை உருவி கம்ப்யூட்டரில் மாட்டினால் அங்கேயும் பூட்டித்தானே இருக்கும்? ஹாட் ஸ்வாப் யாருக்கு என்றால், டிஸ்க் திறந்து அதன்பிறகு தடுக்கி விழுபவர்களுக்கு. 13, 14, 21 மாதிரி எண் வந்தால் டேஷ்போர்டு (பெட்டியின் முதல் மெனு) ஃபைலில் கோளாறு, அப்போது பூட்டு ஏற்கெனவே திறந்திருக்கும், அவர்கள் செய்யலாம். இதை மார்த்தாண்டம்காரரும் மறுக்க மாட்டார்.

மார்த்தாண்டம்: மறுக்கவில்லை. ஆனால் பெட்டி ஒழுங்காக ஓடுகிறது, நகல் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு உங்கள் வழி என்ன?

அவர்களுக்கு உங்கள் வழியும் வேண்டாம், என் சால்டரும் வேண்டாம். மெக்அஸால்ட், ஸ்ப்ளின்டர் செல், 007 ஏஜென்ட் அண்டர் ஃபயர், இந்த கேம்களில் ஒன்றின் பழைய டிவிடி கிடைத்தால் அதன் சேவ் ஃபைல் வழியாகச் சாஃப்ட்மாட் செய்துவிட்டு, கான்ஃபிக் மேஜிக் என்ற புரோகிராமை ஓட்டி ஈப்ராமை ஃபைலாக எடுத்துக்கொள்ளலாம். எடுத்த ஃபைலை மெயிலில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே பக்கத்தில் அன்லாக் இருக்கும், அதைத் தொடாதீர்கள்.

குழித்துறை: சால்டர் தெரியும். ஈப்ராமை எப்படிப் படிப்பது?

இப்படிக் கேட்டால் பதில் சொல்ல ஆசையாக இருக்கிறது. போர்டில் எஸ்டிஏ (டேட்டா), எஸ்சிஎல் (கிளாக்) என்று இரண்டு இடம், கூட ஒரு கிரவுண்டு, மூன்றே வயர். மறுமுனை ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர். இரண்டும் 3.3 வோல்ட் என்பதால் நேராக ஒத்துப்போகும். 5 வோல்ட் ஆர்டுவினோவை அப்படியே கொண்டுபோய் ஒட்டாதீர்கள். 256 பைட்டைப் படியுங்கள், இன்னொரு தடவை படியுங்கள், இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் நம்புங்கள். உள்ளே இருப்பது சங்கேதமாக்கப்பட்டிருக்கும், அதைப் பிரித்து டிஸ்க் சாவியை எடுத்துக் காட்டும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. போர்டு அடியோடு செத்திருந்தால் சில்லையே சூடுகாட்டி எடுத்து, புரோகிராமரில் வைத்துப் படிக்கலாம்.

சாவி வந்தபிறகு லினக்ஸில் எச்டிபார்ம் என்ற கருவி. இதில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'அன்லாக்' கொடுத்தால் அந்த நேரத்துக்கு மட்டும்தான் திறக்கும், கரண்ட் போனால் பழையபடி பூட்டு. நிரந்தரமாக எடுக்க வேண்டுமானால் அதன்பின் 'டிஸேபிள்' கொடுக்க வேண்டும். டிஸ்க் 'ஃப்ரோஸன்' என்று காட்டினால் கம்ப்யூட்டரின் பயாஸ் உறைய வைத்திருக்கிறது, கம்ப்யூட்டரைத் தூங்கவைத்து எழுப்பிப் பாருங்கள். யூஎஸ்பி அடாப்டரில் பலதும் இந்தக் கட்டளைகளை உள்ளே விடாது. பழைய பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள், அதில் ஐடிஇ இருக்கும்.

நாகர்கோவில்: மாஸ்டர் பாஸ்வேர்டு ஒன்று போட்டால் எல்லா டிஸ்கும் திறக்கும் என்கிறார்களே?

எல்லா டிஸ்கும் திறக்காது. முன்பு மாட் செய்தவர்கள் பயன்படுத்திய கருவிகள் சில, பூட்டும்போது டீம்அசெம்ப்ளி என்றோ எக்ஸ்பாக்ஸ்சீன் என்றோ ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டையும் போட்டு வைக்கும், ஆங்கிலப் பெரிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். உங்கள் டிஸ்க் அப்படி ஒரு கைக்குப் போய்வந்ததாக இருந்தால், மாஸ்டர் என்று குறிப்பிட்டுக் கொடுத்துப் பாருங்கள். ஐந்து தடவை தப்பானால் டிஸ்க் காதைப் பொத்திக்கொள்ளும், கரண்டை நிறுத்திப் போட்டால்தான் மறுபடி கேட்கும். பயப்பட ஒன்றுமில்லை, அழியாது.

திருவட்டார்: அண்ணா எனக்கு 06.

மேலே.

தோவாளை: 06 வந்தால் டிஸ்கை மாற்றினால் போதுமா?

மேலே படியுங்கள். புது டிஸ்க் போட்டால் 06 போய் 05 வரும், அவ்வளவுதான். புது டிஸ்கையும் அதே சாவியில் பூட்ட வேண்டும்.

மணவாளக்குறிச்சி: 07, 08 மாறி மாறி வருகிறது.

இது பூட்டுப் பிரச்சினை இல்லை. 08 என்றால் டிஸ்கே தெரியவில்லை, 07 என்றால் பதில் சொல்ல நேரமாகிறது. முதலில் ஐடிஇ கேபிளை மாற்றுங்கள், டிஸ்கின் பின்பக்கச் சின்ன ஜம்பர் மாஸ்டரில் இருக்கிறதா பாருங்கள், டிவிடி டிரைவ் ஸ்லேவ். கடலோரத்துப் பெட்டி என்பதால் கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருக்கும், துடைத்துப் பாருங்கள். டிஸ்க் டிக் டிக் என்று தட்டினால் அது சாகப்போகிறது.

அழகியபாண்டியபுரம்: அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்தது. நேராக பிளக்கில் சொருகலாமா?

சொருகாதே! அது 110 வோல்ட். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கரண்டில் வைத்தால் டிஸ்கைப் பற்றிக் கேள்வி கேட்கும் வேலையே இருக்காது. இன்னொன்று, 2005இல் பழைய பெட்டிகளின் பவர் வயரில் தீ அபாயம் என்று 1 கோடியே 41 லட்சம் வயரை மைக்ரோசாஃப்டே மாற்றித் தருவதாக அறிவித்தது. உன்னுடையது பழைய வயரா என்று பார்.

எல்லோருக்கும் ஒன்று. பெட்டியைத் திறந்த கையோடு கடிகாரக் கெபாசிட்டரைப் பாருங்கள், 1 ஃபாரட், 2.5 வோல்ட் என்று சின்னதாக ஒன்று நிற்கும். 1.6 என்ற வெர்ஷன் தவிர மற்ற எல்லா மாடலிலும் அது ஒழுகும், ஒழுகிய நீர் பக்கத்துச் செம்புக் கோடுகளைத் தின்னும். பிறகு பெட்டி தானாக ஆன் ஆகும், அல்லது ஆனே ஆகாது. கழற்றி எறிந்தால் பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் நேரம் மறந்துபோகும், அவ்வளவுதான் நஷ்டம். 1.6இல் இருப்பது வேறு வகை, அதைத் தொட வேண்டாம்.

தேங்காப்பட்டணம்: 06 வந்தால்...

தம்பி.

கருங்கல்: சாரே, ஆக்கர் கடையில் போர்டு கிடைத்துவிட்டது. ஓரம் உடைந்திருக்கிறது. ஒரு இடத்தில் பழுப்பாகப் பிசின் மாதிரி படிந்திருக்கிறது.

அந்தப் பிசின்தான் கெபாசிட்டர் ஒழுகியது. அதில் கரண்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள், ஆன் ஆகிறதா என்று ஆசைப்படவே வேண்டாம். சுரண்டாதீர்கள், தண்ணீரும் வேண்டாம். எட்டுக் கால் சில் இருக்கும் பகுதி முழுசாக இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். முழுசாக இருந்தால் செய்தித்தாளில் பொதிந்து, டிஸ்கையும் தனியாகப் பொதிந்து எடுத்துக்கொண்டு வாருங்கள், சில்லைக் கழற்றி நானே படித்துத் தருகிறேன். மார்த்தாண்டம்காரர் யூபிஎஸ்ஸோடு வந்தாலும் சரி. காசு வேண்டாம்.