மாமியின் இருமலும் பிரஷர் குளிசையும்

கேள்வி: மாமிக்கு 62 வயது. கிளினிக்கில் பிரஷருக்கு எனலாப்ரில் தொடங்கி இரண்டு மாதம். ஒரு மாதமாக வறட்டு இருமல், இரவில் நித்திரையில்லை. கொத்தமல்லி அவித்துக் குடித்தும் நிற்கவில்லை. குளிசையால் இருக்குமோ என்றால், "டொக்டரிட்டப் போய் மருந்தில பிழை சொல்லலாமோ?" என்கிறார். சொல்லலாமா?
– மருமகள், கோப்பாய்

பதில்: தாராளமாகச் சொல்லலாம், தங்கச்சி. எனலாப்ரில் வகைக் குளிசைகளுக்கு வறட்டு இருமல் பேர்போன பக்கவிளைவு. பெண்களுக்குக் கூடுதலாக வரும். சளி இராது, தொண்டைக்குள் குறுகுறுப்புத்தான்.

இந்த வகையில் முதலில் வந்த கப்டோப்ரிலுக்கு அமெரிக்காவில் 1981இல் அனுமதி கிடைத்தது. இருமல் விஷயம் பிடிபட மேலும் சில வருடம் எடுத்தது. இருமலை யார் பிரஷர் குளிசையோடு முடிச்சுப் போடுவார்கள்?

நானும் போடவில்லை. மருந்தாளராக வேலை தொடங்கிய புதிதில் ஒரு ஆசிரியை இருமிக்கொண்டு வந்தார். ரோட்டுத் தூசி என்று சொல்லிப் பாணி மருந்து கொடுத்தேன். மூன்றாவது போத்தலுக்கு வந்தபோது, "தம்பி, பிரஷர் குளிசை மாத்தினாப் பிறகுதான் இது தொடங்கினது" என்றார். டொக்டர் குளிசையை மாற்ற, இரண்டு கிழமையில் இருமல் போய்விட்டது. கண்டுபிடித்தவர் அவர். பாணி விற்ற காசு எங்கள் கல்லாவில்.

மாமி அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம். கொப்பியோடு குளிசை உறையையும் கொண்டு போகட்டும். குளிசை தொடங்கிய நாள், இருமல் தொடங்கிய நாள், கூடவே எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து விடுங்கள். லொசார்டன் போன்ற மாற்று இருக்கிறது. ஆனால் இருமலுக்காகத் தானாகவே குளிசையை நிறுத்தக் கூடாது, பிரஷர் ஏறிவிடும். மாற்றிய பிறகும் இருமல் அடங்கச் சில கிழமை செல்லலாம். உதடு, நாக்கு, முகம் வீங்கினால் கதை வேறு: அடுத்த குளிசை போடாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

குளிசையை மாற்றித் தந்ததும் எழும்பி வந்துவிடாமல், "இதை அறிவிப்பீங்களோ டொக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்கென்றே படிவம் உண்டு. தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்குப் போகும். மருந்துப் பக்கவிளைவுகளை அறிவிப்பதற்கான பிரித்தானியாவின் மஞ்சள் அட்டைத் திட்டம் 1964இல் வைத்தியர்களுக்காகத் தொடங்கியது. 2005 முதல் அங்கே நோயாளிகள் தாங்களே அறிவிக்கிறார்கள். லண்டனில் சொந்தக்காரர் இருந்தால் மாமியையே விசாரிக்கச் சொல்லுங்கள், கூச்சம் கொஞ்சம் குறையும்.

கொத்தமல்லியை நிறுத்தத் தேவையில்லை. இந்த இருமலுக்குத்தான் அது கேட்காது.