மலையில் ஆட்களை ஏற்றிச் செல்லும் கேபிள் கார் எப்படித் தொடங்கியது?

இரும்புக் கயிற்றில் தொங்கியபடி அந்தரத்தில் போகும் பெட்டிதான் கேபிள் கார். கயிற்றில் சாமான் அனுப்புவது பழைய வேலை. 1644-லேயே போலந்தின் கிடான்ஸ்க் நகரில் ஆடம் வீபே என்பவர் கோட்டை கட்ட இப்படி மண் கொண்டுபோனார். ஆனால் ஆளை ஏற்ற எளிதில் துணிச்சல் வரவில்லை. பாரம் கூடக்கூட கயிற்றின் இழுவிசையும் கூடும். எப்போது அறும் என்று கணிப்பது கடினம்.

இதற்கு வழி கண்டவர் ஸ்பெயின் பொறியாளர் லியோனார்டோ டோரஸ் கெவேதோ. பல கயிறுகளைப் போட்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் எடைக்கல்லைத் தொங்கவிட்டார். துணி காயப்போடும் கொடியின் ஒரு முனையைக் கட்டாமல், கப்பி வழியாக ஒரு கல்லைத் தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி எத்தனை போட்டாலும் கல் கொஞ்சம் மேலே ஏறும், அவ்வளவுதான். கயிற்றின் விறைப்பு மாறாது. ஒரு கயிறு அறுந்தாலும் மற்றவை தாங்கும். 1887-இல் காப்புரிமை வாங்கியும் சுவிட்சர்லாந்தில் அவர் யோசனை எடுபடவில்லை. கடைசியில் 1907-இல் ஸ்பெயினின் சான் செபஸ்தியான் நகரில் உள்ள உலியா குன்றில் அவருடைய கேபிள் கார் பயணிகளோடு ஓடியது.

அப்புறம் வேகம்தான். 1908-இல், இப்போது இத்தாலியில் உள்ள போல்சானோ நகருக்கு மேலே கோலெர்ன் மலையில், தன் விடுதிக்கு ஆள் வர வேண்டுமே என்று யோசெஃப் ஸ்டாஃப்லர் ஒன்றை அமைத்தார். நல்ல வியாபார மூளை! அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் வெட்டர்ஹார்ன் மலையிலும் ஒன்று வந்தது. முதல் உலகப்போரோடு நின்றும் போனது.

பனிச்சறுக்குக்காகவே கேபிள் கார் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, இந்த மூன்றுமே காட்சி பார்க்க வந்தவர்களுக்காகக் கட்டியவை.