வண்டி கேள்வி: 195 கிலோவும் ஐந்தடி உயரமும்

கனமான பைக்கைப் பற்றிய கடிதங்களே இந்த முறை குவிந்துவிட்டன. மைலேஜ், செயின் சத்தம், பஞ்சர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, என் உயரம் ஐந்தடி, எடை 48 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஓட்ட ரொம்ப நாளாக ஆசை. "அந்த வண்டியை உன்னால் பிடித்து நிறுத்தக்கூட முடியாது" என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். உண்மையிலேயே முடியாதா? (ஒரு வாசகி)

முடியும். ஆனால் "தைரியமாக இரும்மா" என்று வெறும் வாயால் சொல்லி அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. கணக்கைப் பார்த்துவிடுவோம்.

கிளாசிக் 350 பெட்ரோல், ஆயில் சேர்த்து 195 கிலோ. வண்டி நேராக நிற்கும்போது அத்தனை எடையையும் தாங்குவது இரண்டு டயர்கள். உங்கள் கைக்கு வருவது ஒன்றுமே இல்லை. சாயும்போதுதான் வண்டி உங்களிடம் பங்கு கேட்கும். எடையின் மையம் ஹேண்டில்பார் உயரத்தில் பாதியில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உத்தேசக் கணக்குதான், ஆனால் நமக்கு இது போதும். 5 டிகிரி சாய்ந்தால் ஹேண்டிலில் நீங்கள் தாங்க வேண்டியது எட்டு, ஒன்பது கிலோ. 10 டிகிரியில் 17 கிலோ. 30 டிகிரியில் கிட்டத்தட்ட 49 கிலோ. அதாவது, நீங்களே ஏறித் தொங்கினால்தான் சரியாகும்.

ஆகவே பலசாலியாக இருப்பதைவிட சீக்கிரம் கவனிப்பதுதான் முக்கியம். சாய்வு சின்னதாக இருக்கும்போதே இடுப்பை டேங்கில் ஒட்டி நிறுத்திவிட்டால், 48 கிலோ உடம்புக்கு அது ஒரு வேலையே இல்லை. கையை நீட்டிக்கொண்டு தள்ளி நின்று பிடிக்கப் பார்ப்பவர்கள்தான் தடுமாறுகிறார்கள், அவர்கள் எவ்வளவு வாட்டசாட்டமாக இருந்தாலும்.

வண்டி வாங்கும் முன் தெரிந்தவர் வண்டியில் ஒன்று செய்து பாருங்கள். சமதரை வேண்டும், எஞ்சின் ஓடக் கூடாது, வலது பக்கம் காவலுக்கு ஒருவர் நிற்க வேண்டும். நீங்கள் இடது பக்கம் நின்று வண்டியை நிமிர்த்தி, சைடு ஸ்டாண்டை எடுத்துவிடுங்கள். மெதுவாக அந்தப் பக்கம், இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்தால் ஓரிடத்தில் பாரம் சட்டென்று காணாமல் போகும். அங்கே இரண்டு விரலால் வண்டி நிற்கும். அந்த இடத்தை உடம்பு ஒருமுறை கண்டுகொண்டால், பாதி பயம் அங்கேயே போய்விடும்.

இன்னொன்று, இருக்கை உயரம் 805 மில்லிமீட்டர். உங்களுக்கு இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படாது. படத் தேவையும் இல்லை. நிறுத்தும்போது இருக்கையில் இடது பக்கம் லேசாக நகர்ந்து இடது காலை முழுசாக ஊன்றுங்கள், வலது கால் பின் பிரேக்கிலேயே இருக்கட்டும். ஊன்றும் இடத்தில் பள்ளமோ மணலோ இருக்கிறதா என்று வண்டி நிற்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வண்டி பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டால் பிடிக்காதீர்கள். காலை விலக்கி, கையை விட்டு, ஒதுங்கிவிடுங்கள். உடைந்த லீவர் கடையில் கிடைக்கும், முழங்கால் கிடைக்காது.

கேள்வி: வேகமாகப் போகும்போது எந்தப் பிரச்சினையும் இல்லை. யூ டர்ன் எடுக்கும்போதும் பார்க்கிங்கில் நுழையும்போதும் வண்டியைக் கீழே போட்டுவிடுகிறேன். வெட்கமாக இருக்கிறது. (ஒரு கல்லூரி மாணவர்)

தம்பி, முன் பிரேக்கில் எத்தனை விரல் வைத்திருக்கிறீர்கள்? நாலும் இருக்கும் என்பது என் ஊகம்.

மெதுவாகத் திரும்பும்போது வண்டியைத் தாங்கிக்கொண்டிருப்பது அதன் ஓட்டம். ஹேண்டில் திரும்பிய நிலையில் முன் பிரேக்கைச் சட்டென்று அழுத்தினால் ஓட்டம் நின்றுபோகும், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் அமுங்கும், வண்டி திரும்பிய பக்கமே பொத்தென்று விழும். காலை ஊன்ற நேரமே இருக்காது. நடை வேகத்தில் முன் பிரேக்கை மறந்துவிடுங்கள். கிளட்ச் லீவரைப் பாதி மட்டும் விட்டுப் பிடிக்கும் ஹாஃப் கிளட்ச், லேசான ஆக்சிலரேட்டர், அதன்மேல் மெல்லிய பின் பிரேக், இந்த மூன்றும் போதும். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் முதலில் ஹேண்டிலை நேராக்கி, பிறகு நிறுத்துங்கள். பார்வை முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது, திரும்பிப் போகப்போகிற இடத்தில் இருக்க வேண்டும்.

வெட்கப்பட என்ன இருக்கிறது? பெரிய வண்டி ஓட்டுகிறவர்களில் இப்படிப் போடாதவரை நான் பார்த்ததில்லை. அடுத்தவர் முன்னால் ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு.

கேள்வி: வயது 56. 650 சிசி வண்டியில் தனியாக நீண்ட பயணம் போகிறேன். ஆளில்லாத இடத்தில் வண்டி விழுந்தால் ஒருவனாகத் தூக்க வழி உண்டா? எப்போதாவது முதுகு பிடித்துக்கொள்ளும் உடம்பு. (ஒரு வாசகர்)

வழி உண்டு சார். ஆனால் விழுந்தவுடன் பதறிப்போய் குனிந்து ஹேண்டிலை இழுப்பதுதான் எல்லாரும் செய்வது. முதுகு போவதும் அந்த ஒரு இழுப்பில்தான். யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில் வரும் அவசரம் அது. முதலில் இக்னிஷனை அணைத்துவிட்டு, உங்களுக்கு அடிபட்டிருக்கிறதா, பெட்ரோல் கசிகிறதா என்று பாருங்கள். மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று கவனியுங்கள். வலது பக்கம் என்றால் அதிர்ஷ்டம்தான். சைடு ஸ்டாண்டு மேலே தெரியும், இப்போதே அதை விரித்துவிடலாம். தூக்கும் வேகத்தில் வண்டி அந்தப் பக்கம் போனாலும் ஸ்டாண்டில் போய் நின்றுகொள்ளும். கியர் லீவரும் கைக்கு எட்டும், முதல் கியரில் போட்டால் உருளாது. இடது பக்கம் விழுந்திருந்தால் இந்த இரண்டு வசதியும் இல்லை. முன் பிரேக் லீவரை ஒரு பட்டையால் ஹேண்டிலோடு இறுகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

இப்போது ஹேண்டிலை வண்டி விழுந்த பக்கமாக முழுசாகத் திருப்புங்கள். வண்டிக்கு முதுகு காட்டி, இருக்கையின் விளிம்பில் பின்புறம் அழுந்தும்படி தாழ்ந்து உட்காருங்கள். ஒரு கை கீழே கிடக்கும் ஹேண்டில் பிடியில், இன்னொரு கை இருக்கைக்குக் கீழே சட்டத்திலோ பின் கம்பியிலோ. இண்டிகேட்டரைப் பிடித்தால் கையோடு வந்துவிடும், சைலன்சரைப் பிடித்தால் கை வெந்துவிடும். முதுகை நிமிர்த்தி, தலையைத் தூக்கி, கையை மடக்காமல், பின்புறத்தால் இருக்கையைத் தள்ளியபடி சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். வேலை செய்வது தொடை மட்டும்தான். தொடக்கத்தில்தான் பாரம் அதிகம், மேலே வர வர குறைந்துகொண்டே போகும். அதனால் கடைசியில் வேகத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் மறுபக்கம் கவிழ்ந்துவிடும். இடது பக்கம் விழுந்த வண்டி நேரானதும் இடுப்பை எடுக்காமல் குதிகாலால் ஸ்டாண்டை விரியுங்கள்.

சரளைக்கல்லில் இது நடக்காது, கால் வழுக்கும். சரிவில் சக்கரங்கள் மேட்டுப் பக்கம் இருந்தால் தூக்கப் பார்க்காதீர்கள். எஞ்சின் பக்கத்தில் இருக்கும் பாதுகாப்புக் கம்பியான க்ராஷ் கார்டின் மேலேயே வண்டியைச் சுற்றி இழுத்து, சக்கரம் பள்ளத்தைப் பார்க்கும்படி வைத்துவிட்டுத் தூக்குங்கள். பெட்டி, பை எல்லாவற்றையும் முதலில் கழற்றுங்கள். ஒரு முறை முயன்றும் முதுகு சுருக்கென்றால் நிறுத்திவிட்டு ஆள் வரும்வரை உட்கார்ந்திருங்கள். வண்டி அவசரப்படாது.

கேள்வி: சென்டர் ஸ்டாண்டு போட எனக்குப் பலம் போதவில்லையே? (ஒரு வாசகி)

கையால் மேலே தூக்குகிறீர்கள், அதனால்தான். ஸ்டாண்டின் இரண்டு கால்களும் ஒன்றாகத் தரையைத் தொடும்வரை வண்டியை நிமிர்த்துங்கள். பிறகு ஸ்டாண்டு மிதியில் குதிகால் வைத்து, ஏணிப்படியில் ஏறுவதுபோல முழு எடையோடு ஏறி நில்லுங்கள். வலது கை பின் கம்பியைப் பிடித்து வழிகாட்டினால் போதும். அப்படியும் வராவிட்டால் பின் சக்கரத்துக்குக் கீழே ஒரு மெல்லிய பலகை வையுங்கள்.

கேள்வி: இதற்காக ஜிம் போக வேண்டுமா?

போங்கள், நல்லதுதான். வண்டிக்காக மட்டும் என்றால் தினமும் கொஞ்சம் தோப்புக்கரணம் போதும்.

கேள்வி: விழுந்த வண்டியைத் தூக்கிவிட்டேன், ஸ்டார்ட் ஆகவில்லை. எஞ்சின் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. பெட்ரோல் இஞ்செக்‌ஷன் வண்டிகள் பலவற்றில், வண்டி சாய்ந்து கிடந்தால் எஞ்சினை நிறுத்திவிடும் சென்சார் உண்டு. சாவியை முழுசாக அணைத்து, கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் போடுங்கள். விழும்போது கை பட்டு, எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச் மாறியிருக்கவும் வாய்ப்புண்டு. நேராக நிறுத்திச் சில நிமிடம் விட்டால் ஆயில் கீழே இறங்கிவிடும். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் புகை வந்தால் பயப்பட வேண்டாம். ஏறி உட்காரும் முன் கிளட்ச் லீவர், பிரேக் லீவர், பிரேக் மிதி, கியர் லீவர் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சிலரேட்டரை முறுக்கி விட்டால் தானாகத் திரும்ப வேண்டும். அது சிக்கினால் வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.